நான் சரிபார்த்த மருந்துப் பெட்டி

சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சாபீஸில் என் மேஜைக்கு வராமல் ஒரு அட்டைப்பெட்டிகூட வெளியே போகாது. பெருமைக்குச் சொல்லவில்லை, என் வேலையே அதுதான். மெஷினில் இருந்து இறங்கும் தாள்களில் ஒன்றை உருவி, கம்பெனிக்காரர்கள் ஒப்புதல் போட்டு அனுப்பிய மாதிரித் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். எங்காவது புள்ளி உடைந்திருக்கிறதா, கோடு விட்டுப்போயிருக்கிறதா, நீலம் தூக்கலாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பட்டாசு லேபிள், பிஸ்கட் பெட்டி, ஊதுபத்திக் கூடு எல்லாம் வரும். மருந்துப் பெட்டிக்கு மட்டும் தனி பயம். அதில் ஒரு எழுத்து தப்பினாலும் லோடு மொத்தமும் திரும்பி வந்துவிடும்.

நான் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்து தெரியும், இங்கிலீஷ் தெரியாது. இந்த வேலைக்கு அது ஒரு குறையே இல்லை. படித்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் கண் ஏமாற்றும். அர்த்தம் புரிந்துவிட்டால் விட்டுப்போன எழுத்தை மனசு தானாகவே போட்டுக்கொண்டு மேலே போய்விடும். அதனால் மருந்துப் பெட்டியை நாங்கள் வரியின் கடைசி எழுத்தில் தொடங்கி முதல் எழுத்தை நோக்கிப் பின்பக்கமாகப் பார்ப்போம். அப்படிப் பார்த்து என் கையில் ஒரு தப்பும் தப்பியதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்தத் திமிர் வீட்டு வரைக்கும் வந்தது. நாங்கள் குடியிருந்த வளவில் ஏழெட்டு வீடுகள். யாருக்குத் தலைவலி, வயிற்றுவலி என்றாலும் என்னிடம்தான் கேட்பார்கள். சர்க்கரைக்கு எந்த மாத்திரை, பிரஷருக்கு எந்த மாத்திரை என்று பெட்டியின் நிறத்தை வைத்தே நான் சொல்லிவிடுவேன். எனக்கு 'பெட்டி டாக்டர்' என்று பட்டப்பெயர் வைத்தது என் தங்கச்சிதான். அவள் எனக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். அவளும் அவள் புருஷனும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. எங்கள் அப்பாவும் அம்மாவும் மல்லாங்கிணறு பக்கம் ஊரார் காட்டில் கூலிக்குப் போய்க் கரைந்தவர்கள். அவர்கள் போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள் என்று ஆகிவிட்டது. எனக்குப் பிள்ளை கிடையாது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவள் உண்டானபோது வளவில் எல்லோருக்கும் சீனி கொடுத்தது நான்தான்.

அது பன்றிக் காய்ச்சல் வந்த வருஷம். தங்கச்சிக்கு ஏழாம் மாதம். ஆடிப்பெருக்கு முடிந்து அச்சாபீஸில் காலண்டர் ஆர்டர் குவிந்துகொண்டிருந்தது. பட்டாசுக்கோ தீபாவளி சீசன். லீவு என்ற பேச்சையே எடுக்க முடியாது. காலையில் கம்பெனி வேன் வந்து தெருமுனையில் நிற்கும். பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் இருபத்தைந்து பேர் ஏறுவார்கள். அதில் ஒருத்தி இருமினால் மற்றவர்கள் எல்லோரும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் என் தங்கச்சி ஏறுவதைத் தினமும் தெருமுனையில் நின்று பார்ப்பேன்.

"ஏடி, இந்த மாசத்தோட நின்னுக்கோயேன்" என்றேன்.

"போனஸ் போடுற நேரத்துல நிக்கச் சொல்றியேக்கா. நீ பொட்டி டாக்டர், ஒனக்குக் காய்ச்சல் பயம். எனக்கு வேன் போயிருமோன்னு பயம்" என்று சிரித்துக்கொண்டே ஏறிப் போனாள்.

பேப்பரில் தினமும் அந்தக் காய்ச்சல் செய்தியே. அதற்கு ஒரே ஒரு மருந்துதான் கேட்கும், அதுவும் காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளைக்குள் விழுங்கிவிட வேண்டும் என்று போட்டிருந்தார்கள். அது கடையில் கிடைக்காது. ஜனங்கள் கண்டபடி வாங்கி விழுங்கிவிட்டால் நாளைக்கு மருந்தே கேட்காமல் போய்விடும் என்று அரசாங்கம் தன் கையிலேயே வைத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போனால்தான் உண்டு. போகிறவர்களைத் தனி வார்டில் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். நானும் பாதியை நம்பினேன்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் அச்சாபீஸுக்கு அந்த ஆர்டர் வந்தது. காலண்டரை ஓரம் கட்டிவிட்டு மெஷினை இதற்குக் கொடுங்கள், அவசரம் என்றார் மேனேஜர். மாதிரித் தாளை என் மேஜையில் விரித்தபோது மருந்தின் பெயரை உடனே கண்டுபிடித்துவிட்டேன். பேப்பரில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான பெயர். அதே மருந்து. வடக்கே இருக்கிற ஒரு இந்தியக் கம்பெனி செய்கிறதாம். வெள்ளை அட்டையில் நீலப் பட்டை, மூலையில் சின்னதாக மஞ்சள் வட்டம். என் வாழ்நாளில் எந்தப் பெட்டியையும் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. பின்பக்கமாக ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். லென்ஸ் வைத்தும் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் இருந்த வரிகளைக்கூட விடவில்லை. ஒரு குறையும் இல்லை. 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சிவகாசியில் பிழைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லாமலே தெரியும். பெட்டி அச்சாகிவிட்டது என்றால் சரக்கு தயார் என்று அர்த்தம். பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் வெடியைச் செய்து அடுக்கிவிட்டுத்தான் லேபிளுக்கு வருவார்கள். மை காய்வதற்குள் வாசலில் வேனை நிறுத்திக்கொண்டு அவசரப்படுத்துவார்கள். இன்றைக்கு லேபிள் போனால் நாளை மறுநாள் கடையில் வெடி இருக்கும். நான் வேறு விதமாகப் பார்த்ததே கிடையாது. ஆகவே அன்று சாயங்காலம் தங்கச்சி வீட்டு வாசலில் நின்று, "இன்னும் நாலு நாள்ல அந்த மருந்து நம்மூர்க் கடைக்கே வந்துரும், பொட்டிய இந்தக் கையாலதான் பாத்து அனுப்புறேன்" என்று சொன்னேன். வளவே என்னைச் சுற்றி நின்று கேட்டது.

பெட்டிகள் மடித்து ஒட்டி, கட்டுக் கட்டாக லோடுக்குத் தயாராக நின்ற அன்றைக்குத் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது.

வேலை முடிந்து வேனில் இருந்து இறங்கும்போதே கண் சிவந்திருந்தது. தொண்டை கட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. அவள் புருஷன் பதறிப்போய், "மதினி, மருதை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவமா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. படிக்காத மனுஷர், மருந்துப் பெட்டி எதையும் பார்க்காதவர், அவருக்குத் தோன்றியதுதான் சரி. நான்தான் தடுத்தேன்.

"அங்கன பூராம் அதே காய்ச்சல்காரங்கதான் படுத்திருப்பாக. வகுத்துப் பிள்ளைக்காரிய அதுக்குள்ள கொண்டு போடவா? மருந்து ரெண்டு நாள்ல இங்கனயே வந்துரும். நம்ம டாக்டரு எழுதிக் குடுத்தாருன்னா கடையில வாங்கிக்கிரலாம். பொறுங்க."

அவர் தங்கச்சி முகத்தைப் பார்த்தார். தங்கச்சி, "அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

சாதாரணக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஈரத்துணி போட்டேன். காய்ச்சல் இறங்கும், மறுபடி ஏறும். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை. ஆம்புலன்ஸ் வளவுக்குள் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனால், பிறகு வளவுக் குழாயில் எங்களைத் தண்ணீர் பிடிக்க விட மாட்டார்கள். வேனில் அவளையும் ஏற்ற மாட்டார்கள், அவள் புருஷனையும் ஏற்ற மாட்டார்கள். மருந்து கடையிலேயே கிடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக லோடு நிற்கும் இடத்துக்குப் போனேன். கட்டுகள் அப்படியே இருந்தன. லோடுமேன் அண்ணன், "வண்டி வரலம்மா" என்றார். மத்தியானம் போனேன், இருந்தன. மருந்துக்கடையில் கேட்டேன். "அது எங்களுக்கெல்லாம் குடுக்க மாட்டாங்கக்கா" என்றார் கடைக்காரர். இவருக்கு என்ன தெரியும், பெட்டியைப் பார்த்தவள் நான் அல்லவா என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த நாளும் போனேன். கட்டுகளின் மேல் காலண்டர் தாள்களை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அவசரம் என்று மெஷினையே நிறுத்தி அடித்த சரக்கின் மேல் காலண்டரை அடுக்குகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், தங்கச்சி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள்.

விடிந்ததும் நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"சார், அந்தக் காய்ச்சல் மருந்துப் பொட்டி ஏன் இன்னும் போகல?"

"ஹோல்டுல இருக்கும்மா. அனுப்பாதீகன்னு போன் வந்துச்சு."

"இங்க ஜனங்க மருந்தில்லாமக் கெடக்காக. ஹோல்டுன்னா எப்படி சார்?"

அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். ஃபைலைத் திறந்து நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். "அடியில என்ன போட்டிருக்கு? நீங்கதான பாத்துச் சரின்னு போட்டிருக்கீக" என்று கேட்டுவிட்டு, விரலை வைத்து அவரே வாசித்தார். "ஃபார் எக்ஸ்போர்ட் ஒன்லி. ஏத்துமதிக்கு மட்டும். இது நம்ம நாட்டுல விக்கிற சரக்கே இல்லம்மா."

அந்த வரி எனக்குத் தெரியும். அதன் ஒவ்வொரு எழுத்தும் தெரியும். கடைசி எழுத்தில் இருந்து முதல் எழுத்துவரை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். அது ஏதோ சொல்கிறது என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

மேனேஜர் நல்ல மனுஷர்தான், பொறுமையாகச் சொன்னார். அது கடல் கடந்து ஒரு ஏழை நாட்டுக்குப் போக வேண்டிய சரக்காம். அந்த நாட்டில் இந்த மருந்தின் உரிமை ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனியிடம் இருக்கிறது. அவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே விற்கக் கூடாது. காய்ச்சல் பரவுகிறது, ஆபத்து நேரம், வேறு கம்பெனி மருந்தும் வரலாம் என்று அந்த நாட்டு அரசாங்கம் உத்தரவு போட்டால்தான் இது உள்ளே போகும். உத்தரவு வந்துவிடும் என்று நம்பிப் பெட்டி அடித்துவிட்டார்கள். இப்போது பேச்சுவார்த்தை இழுக்கிறது.

"சாகுற நேரத்துல என்ன சார் உரிமை?" என்று கத்திவிட்டேன். அந்த அறையில் யாரும் கத்தியதில்லை.

"கண்டுபிடிச்சவன் செலவழிச்சுக் கண்டுபிடிச்சிருக்கான்ல. நம்ம காலண்டர் படத்த அடுத்த ஆபீஸ்காரன் அப்படியே போட்டான்னா நம்ம சும்மாவா இருக்கோம்? போன வருசம் எம்புட்டுச் சண்டை?"

"காலண்டர் இல்லாட்டி நாளு தெரியாது சார், அம்புட்டுத்தான். மூச்சு நிக்காது."

அவர் ஃபைலை மூடி ஓரமாக வைத்தார். எனக்கும் நின்று பேச நேரமில்லை. பை, டிபன் பாத்திரம் எதையும் எடுக்காமல் ஓடினேன்.

அவளைக் காரில் வைத்து விருதுநகர் தாண்டி மதுரைக்குக் கொண்டு போனோம். ரோட்டோரத்துக் கருவேல மரங்களைப் பார்த்தபடி அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் விசில் மாதிரி கேட்டது. ஒரு கையை வயிற்றில் வைத்திருந்தாள். "அசையுதாடி?" என்று கேட்டேன். "அசையுது" என்றாள். திருமங்கலம் வருவதற்குள் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். பத்துத் தடவையும் "அசையுதுக்கா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் யாரும் எங்களைத் துரத்தவில்லை, பூட்டி வைக்கவும் இல்லை. மூக்கையும் வாயையும் மூடிக்கட்டிய ஒரு டாக்டரம்மா ஓடி வந்து பார்த்தார். "எத்தனை நாளாக் காய்ச்சல்?" என்று கேட்டார். ஒரு நாள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். தங்கச்சிதான் மூச்சு வாங்க வாங்க, "மூணு நாள் முடிஞ்சு நாலாவது நாள்மா. மருந்து கடைக்கு வருதுன்னு அக்கா பொறுக்கச் சொன்னா" என்றாள்.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. நர்ஸ் ஒரு பெரிய டப்பாவுக்குள் கைவிட்டு அட்டையில்லாத ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து, அதிலிருந்து ஒன்றைப் பிதுக்கி அவள் வாயில் போட்டார். அது எந்தப் பெட்டியிலும் வரவில்லை. நான் வேண்டாம் என்று தடுத்த இடத்தில், காசில்லாமல், முதல் நாளே கிடைத்திருக்கக்கூடிய மாத்திரை அது.

தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்தாள். பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாளே அசைவதை நிறுத்திவிட்டது. ஆண் பிள்ளை. அவள் புருஷன் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அதை யாராலும் சொல்ல முடியாதும்மா" என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாகவே இல்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுது முடித்திருப்பேன். இன்றுவரை அந்தக் கேள்வி முடியவில்லை.

திரும்பி வேலைக்குப் போன பிறகு மருந்துப் பெட்டி வரும்போதெல்லாம் ஒன்று நினைப்பேன். அந்தக் கடல் கடந்த ஊரிலும் ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்திருப்பாள். இதோ வருகிறது, பொறு என்று அவளுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்களாவது நிஜமாகவே எங்கள் பெட்டிக்காகக் காத்திருந்தவர்கள். கண்டுபிடித்தவனுக்கு ஒன்றும் கொடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன், மேனேஜர் சொன்ன காலண்டர் நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஆபத்து வந்தால் யார் செய்யலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்பதைக் காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே பேசி முடித்திருக்க வேண்டாமா? வந்த பிறகு உட்கார்ந்து பேசினால் அதற்குள் ஒருத்திக்கு நாலாவது நாள் ஆகிவிடும். இதை எண்ணினாலே இப்போதும் எனக்கு ஆத்திரம் பொங்கும். அந்த ஆத்திரத்தில் பாதி என் மேல்தான்.

கொஞ்ச நாளில் அந்த ஆர்டர் கேன்சல் ஆனது. அந்தப் பெரிய கம்பெனியே விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டதாம். எங்கள் கட்டுகள் ஒரு நாள் இருந்த இடத்தில் இல்லை. விற்காத மருந்துப் பெட்டியைத் துண்டு துண்டாக வெட்டி அழிக்க வேண்டும் என்பது வழக்கம், அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று நினைத்தேன். கேட்கப் போகவில்லை.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் தங்கச்சி புருஷன் போனஸோடு கம்பெனியில் கொடுத்த பட்டாசு கிஃப்ட் பாக்ஸைக் கொண்டுவந்து வைத்தார். அந்த வருஷம் வெடிக்கிற எண்ணம் யாருக்கும் இல்லை. வளவுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று தங்கச்சி அதைப் பிரித்தாள். வெடி ஒன்றோடு ஒன்று உரசாமல் இருக்க உள்ளே அட்டையை வெட்டித் தடுப்பு வைத்திருப்பார்கள். கழிவு அட்டையைத்தான் அதற்கு வாங்குவார்கள். கம்பி மத்தாப்பை எடுத்ததும் தடுப்பு ஒன்று கையோடு வந்தது. வெள்ளை அட்டை, நீலப் பட்டை, மூலையில் பாதி மஞ்சள் வட்டம்.

நான் வெடுக்கென்று பிடுங்கினேன். அதற்குள் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். அட்டையின் அடியில் அந்தப் பொடி எழுத்து வரி வெட்டுப்படாமல் முழுசாக இருந்தது. முதல் தடவையாக அதை முன்னிருந்து பின்னாகப் படித்தேன்.

"நீ சொன்ன பொட்டி இதானாக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா."

அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, மடி மேல் வைத்து, நீலப் பட்டையை உள்ளங்கையால் ஒரு தடவை நீவி விட்டாள்.

"வந்துருச்சு பாரு" என்றாள்.